மாநிலமே தனிச் சட்டம் போட்டால் இலவச மின்சாரம் தப்புமா?

கேள்வி: பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் சிறு விசைத்தறியாளர் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். எட்டுத் தறி, பத்துத் தறி வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால்தான் பலருக்குத் தறி ஓடுகிறது. மத்திய அரசின் மின்சாரச் சட்டத் திருத்தம் வந்தால் அது போய்விடும் என்கிறார்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தனியாக ஒரு மின்சாரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்ற வேண்டும் என்று முதலமைச்சருக்கு மனு எழுதியிருக்கிறோம். நகலை இணைத்துள்ளேன். சரியாக இருக்கிறதா? இன்னொரு சந்தேகம்: எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கில் குறைவு இருந்ததாகத் தணிக்கையில் கண்டுபிடித்து இப்போது பெரிய தொகை கேட்கிறார்கள். இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் கட்ட வேண்டியதில்லை என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

மனுவைப் படித்தேன். நான்கு பக்கத்தில் முதல் மூன்று டெல்லியைத் திட்டுகின்றன, கடைசிப் பக்கம் சென்னையைக் கெஞ்சுகிறது. உங்கள் இலவச மின்சாரம் எந்தச் சட்டப் பிரிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. அதைச் சேர்க்காமல் இந்த மனுவை அனுப்பாதீர்கள். அனுப்பினால், 'உரிய நடவடிக்கைக்காக' என்று குறிப்பெழுதி மேசை மேசையாகத் தள்ளிவிடுவார்கள்.

முதலில் மாநிலச் சட்டம். மின்சாரம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலில் 38-ஆவது இனம். மாநிலமும் சட்டம் இயற்றலாம், நாடாளுமன்றமும் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் நாடாளுமன்றத்தின் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது. இது அரசியலமைப்பின் 254(1)-ஆவது உறுப்பு. இதற்கு விலக்கு 254(2): மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றுவிட்டால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும்.

இந்த வழியின் இரண்டு முகங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017-இல் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது, ஜல்லிக்கட்டு திரும்பியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அதே 2017-இல் நீட் தேர்விலிருந்து விலக்கு கேட்டு நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021-இல் மறுபடியும் நிறைவேற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது, கடைசியில் அதுவும் மறுக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடப்பார். மத்திய அரசே கொண்டுவரும் மின்சாரத் திருத்தத்தை முறியடிக்க ஒரு மாநிலச் சட்டம், அதற்கு மத்திய அரசின் சம்மதம். நடக்கிற காரியமா?

'திருத்தம் வருமுன் நாம் முந்திக்கொண்டு போட்டுவிட்டால்?' என்று உங்கள் மனு கேட்கிறது. 254(2)-க்குக் கீழேயே ஒரு காப்புரை இருக்கிறது. ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டத்தையும் நாடாளுமன்றம் பிற்பாடு ஒரு சட்டம் இயற்றித் திருத்தலாம், நீக்கலாம். முந்திக்கொண்டு பயனில்லை.

இனி முக்கியமான சங்கதி. உங்கள் 1,000 யூனிட் எப்படி வந்தது என்று பாருங்கள். 2006-இல் 500 யூனிட், 2016-இல் 750, 2023 மார்ச் முதல் 1,000. மூன்றும் அந்தந்த அரசு ஆணையிட்டுக் கொடுத்தவை. எதற்கும் சட்டமன்றத்தில் தனிச் சட்டம் இல்லை. விவசாயிகளுக்கு 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளிடம் தொடங்கி 1990-இல் கருணாநிதி ஆட்சியில் அனைவருக்கும் விரிந்த இலவச மின்சாரமும் அப்படித்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் 1970-இல் ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அங்கே தொடங்கிய போராட்டம் இருபது ஆண்டுகள் நடந்துதான் அந்த ஆணையைப் பெற்றது. அதனால் 'வெறும் ஆணைதானே' என்று இளக்காரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஆணை ஆணைதான்.

2003-க்குப் பிறகு அந்த ஆணைகளுக்கெல்லாம் ஒரே ஆணிவேர் மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. அதன் சாரம் இது: மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை நிர்ணயிக்கும். எந்தப் பிரிவு நுகர்வோருக்காவது சலுகை தர வேண்டுமென மாநில அரசு நினைத்தால், அதனால் ஏற்படும் இழப்பை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் சலுகை உத்தரவு செல்லுபடியாகாது, ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணமே அமலாகும். 108-ஆவது பிரிவின்படி பொதுநலக் கொள்கை விஷயங்களில் மாநில அரசு ஆணையத்துக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுரை வழங்கலாம். ஆனால் அதைக் காட்டி இந்தப் பணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 65-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

ஆக, இலவசத்தை நிறுத்தும் விதி புதிதாக வரப்போவதில்லை. அது 2003 ஜூன் 10 முதல் புத்தகத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து பணம் போய்ச் சேரும்வரை தறிக்கு இலவசம் உண்டு. மூத்த உறுப்பினர்களுக்கு 2003 நினைவிருக்கும். மாநில ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு அந்த மார்ச்சில் வந்தது, விவசாய இணைப்புகளுக்கும் கட்டணம் விழுந்தது. ஜெயலலிதா அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் பணமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போன அதே மே மாதம் இலவச மின்சாரம் திரும்பிவிட்டது. எடுத்தபோதும் சட்டம் இல்லை, கொடுத்தபோதும் சட்டம் இல்லை.

அப்படியானால் டெல்லித் திருத்தத்தால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு வாசல் வழியாக வருகிறது. 2020-இல் வந்த வரைவு, மானியத்தை நுகர்வோரின் கணக்கில் நேரடியாகப் போட வேண்டும் என்றது. நீங்கள் முதலில் முழுப் பணம் கட்ட வேண்டும், மானியம் பிறகு வரும். அன்றைய முதல்வர் பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். டெல்லி எல்லையில் போராடிய விவசாயிகளும் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதாவை அப்போதைய முதல்வர் ஸ்டாலின் எதிர்த்தார். அது நிலைக்குழுவுக்குப் போய், 2024-இல் மக்களவை கலைந்ததும் காலாவதியானது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கழகங்களும் ஒரே பக்கம் நின்றிருக்கின்றன. உங்கள் மனுவில் ஒரு கட்சிக்கு மட்டும் மாலை போட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள்.

2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வரைவில், விவசாயிகளுக்கும் ஏழைகளுக்கும் 65-ஆவது பிரிவின்படி மாநிலங்கள் மானியம் தரலாம் என்ற உறுதி இருக்கிறது. உங்களைப் பாதிக்கக்கூடியவை மற்ற அம்சங்கள்: கட்டணம் உண்மைச் செலவை ஒட்டியே இருக்க வேண்டும், உற்பத்தித் தொழிற்சாலைகளும் ரயில்வேயும் மெட்ரோவும் தாங்கும் குறுக்கு மானியம் ஐந்து ஆண்டுக்குள் ஒழிய வேண்டும், ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விநியோக நிறுவனங்கள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

குறுக்கு மானியம் உங்கள் பில்லில் தெரியாது. பெரிய ஆலையும் வணிக வளாகமும் வழங்கு செலவைவிடக் கூடுதலாகக் கட்டுகின்றன, அந்த மிச்சத்தில் சிறியவர்களின் கட்டணம் தாழ்கிறது. அரசு கஜானாவிலிருந்து வரும் மானியம் வேறு, இது வேறு. உங்கள் மனு இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியிருக்கிறது. 1,000 யூனிட் இலவசம் கஜானாவிலிருந்து வருவது. அதற்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு நீங்கள் தரும் விலைதான் குறுக்கு மானியத்தோடு பிணைந்தது. நீங்கள் காட்டிய ரசீதில் இரண்டு மாதத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. கட்டணம் உண்மைச் செலவுக்கு ஏறினால் முதலில் வலிக்கப்போவது அந்த மேல் மூவாயிரத்தில். அதைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை.

பெரிய ஆலைகள் கழன்றுகொள்ள மசோதா வரும்வரை காத்திருக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. காற்றாலையில் 26 சதவீதப் பங்கு வாங்கி, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த உபயோக மின்சாரம், குறுக்கு மானியத்துக்கான கூடுதல் தீர்வை இல்லை. 2005 விதிகளிலேயே இது இருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் சுற்றுகிற காற்றாடிகளில் கணிசமானவை கொங்கு மண்டல நூற்பாலைகளுக்குச் சொந்தம். அதிகம் கட்டக்கூடியவர் வெளியேற வெளியேற, மீதியுள்ளவர் மேல் சுமை ஏறத்தான் செய்யும்.

சங்கங்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம் விதிகள். எல்லோரும் மசோதாவையே பார்த்துக்கொண்டிருந்த இந்த ஐந்தாறு ஆண்டுகளில், நாடாளுமன்ற விவாதமே இல்லாமல், 176-ஆவது பிரிவின் கீழ் மத்திய அரசின் விதித் திருத்தங்களாகப் பல மாற்றங்கள் வந்துவிட்டன. 2023 திருத்தம் மானியக் கணக்குக்கு ஒரு விதியைச் சேர்த்தது. எவ்வளவு மானியம் தர வேண்டியிருந்தது, எவ்வளவு தந்தார்கள் என்று மாநில ஆணையம் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிட வேண்டும், முன்கூட்டியே தரவில்லையென்றால் மானியமில்லாத கட்டணத்தை அமல்படுத்த உத்தரவிட வேண்டும். 2024 ஜனவரித் திருத்தம், வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைக் கட்டண உத்தரவில் மூன்று சதவீதத்துக்கு மேல் விடக் கூடாது என்றது. இன்னொரு பக்கம், மின்துறையில் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு மொத்த உற்பத்தி மதிப்பில் அரை சதவீதம் கூடுதலாகக் கடன் வாங்க அனுமதி என்று 2021-22 முதல் ஒரு தூண்டில் போட்டார்கள். கடன் தேவைப்படாத மாநில அரசு ஏது?

விதிகளைத் திட்டுவது எளிது. மானியக் கணக்கு விதியை மட்டும் நான் திட்ட மாட்டேன். உங்கள் இலவசத்துக்கான பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று காட்டும் ஆவணத்தை அது கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தக் காலாண்டு அறிக்கையில் விசைத்தறிக்கான வரியைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆணையத்திடம் கேளுங்கள். கொடிபிடித்துக் கேட்பதைவிட அந்த ஒரு தாள் உங்களுக்கு அதிகம் உதவும்.

மனுவை எப்படித் திருத்துவது? சட்டம்தான் வேண்டுமென்று உறுப்பினர்கள் பிடிவாதமாக இருந்தால், மத்தியச் சட்டத்தோடு மோதாத ஒன்றைக் கேளுங்கள். மாநில அரசு தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் சட்டம்: விசைத்தறி, கைத்தறி, விவசாயம், வீட்டு 100 யூனிட் ஆகியவற்றுக்கான மானியத்தை ஒவ்வொரு காலாண்டின் தொடக்கத்திலும் மின் பகிர்மானக் கழகத்துக்குச் செலுத்தியே தீர வேண்டும், தாமதித்தால் வட்டி, தொகை விவரம் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இது 65-ஆவது பிரிவோடு முரண்படவில்லை, அது சொல்வதை உறுதிப்படுத்துகிறது. குடியரசுத் தலைவர் வரை போக வேண்டிய தேவை இருக்காது என்பது என் கருத்து. மாநிலக் கருவூலத்திலிருந்து செலவு வருவதால் ஆளுநரின் பரிந்துரை வேண்டும், நடைமுறையில் அரசே கொண்டுவர வேண்டிய மசோதா இது. இதையும் அசைக்க முடியாத கோட்டை என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக்கு 2003 முதல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இருக்கிறது, அதன் வரம்புகளை அதே சட்டமன்றம் தேவைப்பட்டபோதெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் சபையில் எழுந்து நின்று செய்ய வேண்டும். ஒரு கோப்பில் கையெழுத்திட்டு நிறுத்துவதைவிட அது கடினம்.

இந்த மனு முதலமைச்சருக்கு. இதைவிட முக்கியமானது ஆணையத்துக்கு எழுத வேண்டியது. 2022 செப்டம்பர் 10 அன்று அமலான கட்டண உத்தரவு 2026-27 வரைக்கும் ஆனது. அதன்படி ஆண்டுதோறும் ஜூலையில், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவு ஏறும். 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 சதவீதம் ஏறியது அப்படித்தான். 2027 மார்ச்சோடு அந்தக் காலம் முடிகிறது. அடுத்த பல்லாண்டுக் கட்டண மனுவை மின் கழகம் தாக்கல் செய்யும்போது 64-ஆவது பிரிவின்படி அதை வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபனைகளைக் கேட்க வேண்டும், ஏற்றுக்கொண்ட 120 நாளுக்குள் ஆணையம் உத்தரவிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது இந்தப் பிரிவின்படிதான். அதற்கு முன் 2014 டிசம்பரில் ஏற்றியதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டு கட்டணமே ஏறவில்லை. அதைச் சாதனையாகச் சொன்னவர்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. அந்த எட்டு ஆண்டுக் கடனுக்கான வட்டியும் சேர்ந்துதான் 2022-இல் உங்கள் தறிக்கூடத்து வாசலுக்கு வந்தது.

கூட்டத்தில் பேசுபவர்களில் பெரும்பாலோர் 'தொழில் அழிந்துவிடும்' என்கிறார்கள். ஆணையம் குறித்துக்கொள்கிறது, உத்தரவில் 'தொழில் பாதிக்கப்படும் எனச் சில நுகர்வோர் தெரிவித்தனர்' என்ற ஒரு வரியாகிவிடுகிறது. நீங்கள் இப்படிச் செய்யுங்கள். உறுப்பினர்களிடமிருந்து கடந்த ஓராண்டின் ஆறு பில்களை வாங்கி ஒரு தாளில் அட்டவணையாக்குங்கள்: இணைப்பு எண், தறிகளின் எண்ணிக்கை, அனுமதிக்கப்பட்ட மின்பளு, ஓடிய யூனிட், மானியம், கட்டிய தொகை. பக்கத்திலேயே பாவு நூல் வராமல் தறி நின்ற நாட்கள். கடைசிக் கட்டத்தில், ஒரு மீட்டர் துணிக்கு ஜவுளி உற்பத்தியாளர் தரும் கூலியில் மின்சாரத்துக்கு எத்தனை பைசா போகிறது என்ற கணக்கு. கூலி ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்க, மின்கட்டணம் மட்டும் ஜூலைக்கு ஜூலை தானாக ஏறுகிறது என்பதை அந்த எண்கள் காட்டும். ஆணையம் தன் உத்தரவில் பதில் சொல்லியாக வேண்டிய வாதம் அது. சொல்லாமல் விட்டால், 111-ஆவது பிரிவில் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும். எழுதிக் கொடுக்காதவர்களுக்கு அந்த வாய்ப்பு மெலிந்துபோகும்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும், குறுக்கு மானியத்தை ஒழிக்கும்போது சிறு விசைத்தறி எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று தெளிவாக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகள். விசைத்தறியும் உற்பத்தித் தொழில்தானே, ஆகவே வரைவு நமக்குச் சாதகம் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் குறுக்கு மானியத்தைத் தருகிறவரா பெறுகிறவரா என்று பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். கட்டண உத்தரவில் உங்கள் பிரிவின் கட்டணமும் சராசரி வழங்கு செலவும் இருக்கின்றன, ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இனி உங்கள் உறுப்பினரின் நிலுவை. 56(2)-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரம்பு இருப்பது உண்மை. அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். தொகை 'முதன்முதலில் செலுத்த வேண்டியதான' நாளிலிருந்து இரண்டு ஆண்டு. பில் கொடுத்த பிறகுதான் தொகை செலுத்த வேண்டியதாகிறது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் விளக்கியிருக்கிறது. மின் நிறுவனத்தின் தவறால் குறைவாகப் போட்ட பில்லைப் பின்னால் திருத்திக் கேட்கலாம், ஆனால் இரண்டு ஆண்டு கடந்தபின் அதற்காக இணைப்பைத் துண்டிப்பது கூடாது என்பது அந்த வழக்கின் சாரம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு தீர்ப்பு, விடுபட்ட தொகைக்கு இந்த வரம்பு பொருந்துமா என்பதையே கேள்விக்குள்ளாக்கியது. ஆகவே 'இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, கட்ட மாட்டேன்' என்று நிற்பது ஆபத்து.

தணிக்கைக் குறிப்பின் நகலையும் தொகையைக் கணக்கிட்ட விவரத்தையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மீட்டர் பெருக்கு எண்ணைத் தவறாகப் போட்டிருந்தார்களா, கட்டணப் பிரிவை மாற்றினார்களா, மீட்டர் மெதுவாக ஓடியதா என்பதைப் பொறுத்து வழக்கே மாறும். அங்கீகாரமற்ற பயன்பாடு என்று 126-ஆவது பிரிவைக் காட்டியிருந்தால் குறைதீர் மன்றம் அதை எடுத்துக்கொள்ளாது, 127-ஆவது பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கேட்ட தொகையில் பாதியைக் கட்டித்தான் போக முடியும். அப்படி இல்லையென்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கே சரிப்படாவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். இடையில் துண்டிப்பு அறிவிப்பு வந்தால் அது எழுத்தில், முழுதாக 15 நாள் அவகாசத்தோடு இருக்க வேண்டும். கேட்ட தொகையையோ கடந்த ஆறு மாத சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபனையின் பேரில் கட்டிவிட்டால் வழக்கு முடியும்வரை துண்டிக்க முடியாது. 56(1)-இன் காப்புரை அது. கட்டும்போது ஆட்சேபனைக் கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தப் பிரிவைக் காட்டித் தொகை கேட்டிருக்கிறார்கள் என்று அறிவிப்பின் முதல் பத்தியில் இருக்கும், அதை எனக்கு எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.